பழைய கணினிக்குள் ஒரு பட்டணம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டோர்காரர் பல் துலக்குவதற்கு முன்பே கணினியை எழுப்பிவிட்டார். எழுப்பினார் என்றுதான் சொல்ல வேண்டும். பொத்தானை அமுக்கியவுடன் விழித்துக்கொள்கிற வயதை அது எப்போதோ தாண்டிவிட்டது. முதலில் ஒரு முனகல், பிறகு உள்ளே விசிறி சுற்றும் இரைச்சல், பிறகு வெறும் கறுப்பு. அதற்கும் பிறகுதான் திரையில் வெளிச்சம் வரும். அதற்குள் குளித்துச் சாப்பிட்டுவிட்டு வரலாம். ஆனால் அன்றைக்கு அவர் நாற்காலியை விட்டு நகரவில்லை. முழங்காலை ஆட்டிக்கொண்டு, கறுப்புத் திரையில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மகள் போன் செய்வாள். அதற்குள் அவள் வேலை பார்த்து வெளிவந்திருக்கும் கணினி விளையாட்டு இந்த வீட்டில், இந்தப் பெட்டியில் ஓடியாக வேண்டும். "பாத்தேன்" என்று அவர் தன் வாயால் அவளிடம் சொல்லியாக வேண்டும்.

அவள் அந்த வேலைக்குக் கிளம்பிய அன்று அவர் சொன்னது வேறு. "இவ்வளவு படிச்சது பொம்மை ஓட்டறதுக்கா?" என்று கேட்டார். அவள் சண்டை போடவில்லை. பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினாள், போய்விட்டாள். அதிலிருந்து போன் அம்மாவுக்கு மட்டும்தான் வரும். "அப்பா நல்லா இருக்காரா?" என்பாள். "இருக்கார், பேசறியா?" என்றால், "அப்புறம் பேசறேம்மா" என்பாள். அந்த அப்புறம் இதுவரை வரவில்லை.

போன வாரம் விளையாட்டு வெளியானது. அவள் வீட்டுக்கும் ஒரு பிரதியை அனுப்பிவிட்டு அம்மாவிடம் சொன்னாள்: "மாமா கடையில நல்ல மெஷின் இருக்கும்மா, அங்க போய்ப் பாருங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நானே கூப்பிடறேன். அப்பாவும் பாக்கட்டும்."

அந்த 'அப்பாவும்' அவர் காதில் விழுந்தது. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, போன் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "எதுக்குக் கடைக்கு? நம்ம வீட்டுலயே ஓடும்னு சொல்லு."

சொல்லிவிட்டார். வாய் விட்ட வார்த்தை. அன்றிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஸ்டோர்காரர் என்பது அவருடைய பெயரல்ல, வேலை. தண்ணீர் பம்புகளின் உதிரி பாகங்கள் வைக்கும் கிடங்குக்கு அவர்தான் பொறுப்பு. ஆனால் தெருவில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். கிடங்கில் அவருடைய சட்டம் எல்லோருக்கும் தெரியும். அடிக்கடி போகும் சரக்குக்குப் பச்சைச் சீட்டு, எப்போதாவது போவதற்கு மஞ்சள், அசையாமல் கிடப்பதற்குச் சிவப்பு. சிவப்பு விழுந்தால் யார் கெஞ்சினாலும் பின்பக்கக் கொட்டகைதான். "நகராத சரக்கு இடத்தை மட்டும் தின்னும்" என்பார். வீட்டிலும் அதே சட்டம். மனைவியின் பழைய தையல் மெஷின் சிவப்புச் சீட்டு வாங்கி வெளியேறிய கதையை அவள் இன்னும் மறக்கவில்லை.

அந்தச் சட்டத்தைக் கணினிக்கும் போட்டார்.

மனைவியின் தம்பி கடைத்தெருவில் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். அவர் வந்து, விளையாட்டுக்கு என்னென்ன வேண்டும் என்று படித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"எட்டு ஜிபி மெமரி கேக்குது மாமா. உங்கள்ட்ட இருக்கறது நாலு."

"நாலுல ஓடாதா?"

"நாலு பேர் உக்கார்ற பெஞ்சு மாமா. எட்டுப் பேர் உக்காரணும்னா பாதிப் பேர் அடுத்தவன் மடியில உக்காரணும்."

"ஏற்கெனவே உக்காந்திருக்கறவன எழுப்பி விட்டா?"

மைத்துனர் சிரித்தார். "யார் உக்காந்திருக்கான்னு பாத்துக்குங்க" என்று சொல்லி, கணினிக்குள் எந்தெந்த நிரல் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்து வைத்துவிட்டுப் போனார்.

அதைப் பார்த்ததும் ஸ்டோர்காரருக்கு ரத்தம் கொதித்தது. இத்தனை வருஷமாகத் தன் வீட்டுக்குள்ளேயே இப்படி ஒரு கிடங்கு, கேட்பாரில்லாமல் கிடந்திருக்கிறது. வைரஸ் பிடிக்கும் காவலாளிகள் இரண்டு பேர், ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுக்கொண்டு. யாருக்கோ தானமாகக் கொடுத்துவிட்ட பிரிண்டருக்கு ஓர் ஆள் இன்னும் காத்துக்கொண்டிருந்தான். மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது போட்ட தட்டச்சுப் பயிற்சி, தினமும் காலையில் எழுந்து தயாராக உட்கார்ந்திருந்தது. வானிலை சொல்ல ஒன்று. "வெயிலடிக்குதா மழை பெய்யுதான்னு பாக்க ஜன்னல் இருக்கு" என்று அதை முதலில் தூக்கினார். வாரம் முழுக்க வேலை விட்டு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் இதே வேலை. ஒவ்வொன்றை நீக்கியதும் எண் கொஞ்சம் இறங்கும். இறங்கியதும் முகத்தில் ஒரு தெளிவு. பக்கத்தில் இன்னொன்று ஏறியதும் அந்தத் தெளிவு போய்விடும்.

இடையில் ஒரு தப்பும் நடந்தது. நீளமான பெயரோடு ஒன்று ஒரு மூலையில் சும்மா இருந்தது. அசைவே இல்லை. சிவப்புச் சீட்டுதான் என்று நிறுத்தினார். திரையிலிருந்த படங்கள், கீழே இருந்த பட்டை எல்லாம் துடைத்தாற்போல் மறைந்துவிட்டன. மைத்துனருக்குப் போன் போனது.

"எதை நிறுத்தினீங்க மாமா?"

"பேர் பெருசா இருந்துது. ஒண்ணும் செய்யற மாதிரி தெரியல."

"வீட்டையே தாங்கிட்டு நிக்கிறது அதுதான். தூண் கூடத்தான் நகராது. அதுக்காக எடுத்துடுவீங்களா?"

இதைக் கேட்டு மனைவி சமையலறையில் சிரித்த சிரிப்பு, பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை. திரையில் வெளிச்சம் வந்தது. விளையாட்டைத் திறந்தார். கம்பெனியின் சின்னம் வந்தது, கடல் சத்தம் கேட்டது, ஒரு கப்பலின் பாய்மரம் பாதி தெரிந்தது. அத்தோடு நின்றது. நினைவகம் போதவில்லை என்று ஓர் அறிவிப்பு. மூடினார். திறந்தார். பாய்மரம். அறிவிப்பு. நாற்காலியிலிருந்து எழுந்து ஜன்னல் வரை நடந்தார், திரும்பி வந்தார்.

"ஏங்க, பல்லாவது துலக்குங்க" என்றாள் மனைவி. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். வாரம் முழுக்க ஊசியும் சின்னக் குழாய்களுமாய் ஓடுகிறவளுக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. "கம்ப்யூட்டர் ஓடலேன்னா தம்பி கடைக்குப் போய் பாத்துட்டு வந்துடலாம். நடக்கற தூரம்தானே."

"என் பொண்ணு செஞ்சத அடுத்தவன் கடையில போய் நின்னு பாக்கணுமா?"

"அடுத்தவனா? என் தம்பி."

"உன் தம்பிதான். கடை கடைதான். வர்றவன் போறவன்லாம் பின்னாடி நின்னு பாப்பான்."

அவள் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள்.

மைத்துனர் வரும்போது சட்டைப் பையில் ஒரு மெமரிப் பலகையைப் போட்டுக்கொண்டு வந்தார். விரல் நீளத்தில், பச்சை நிறத்தில், ஓரத்தில் தங்கப் பல் வரிசையோடு. கழித்துப் போட்ட ஏதோ கணினியிலிருந்து கழற்றியதாம். "வேலை செஞ்சா உங்க அதிர்ஷ்டம்" என்றார். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் தூசி ஒரு பந்தாக வெளியே விழுந்தது.

"இதுக்குள்ள ஏதாவது குடியிருக்கா அக்கா?"

"வாடகை குடுத்தா இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் அவள்.

பலகையைச் செருகிப் பார்த்தார்கள். கணினி முனகக்கூட இல்லை. கழற்றினார்கள். மைத்துனர் ஒரு அழிரப்பர் கேட்டார். பள்ளிக்கூடப் பிள்ளை இல்லாத வீட்டில் அழிரப்பர் எங்கே இருக்கும்? ஸ்டோர்காரர் அலமாரியை, இழுப்பறையை, பழைய பையை எல்லாம் கவிழ்த்துத் தேடினார். கடைசியில் மனைவியின் கைப்பையில் ஒரு பென்சிலின் வாலில் ஒட்டியிருந்தது கிடைத்தது. தங்கப் பற்களை அதால் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி மறுபடி செருகினார்கள். ஸ்டோர்காரர் பொத்தானை அமுக்கினார். முனகல் வந்தது.

நாலு ஆறாயிற்று. எட்டு ஆகவில்லை. ஆனாலும் பாய்மரம் முழுசாகத் தெரிந்தது. கப்பல் கரையை நெருங்கியது. ஒரு துறைமுகப் பட்டணம் மெல்ல எழுந்து வந்தது. மெல்ல என்றால், ஒரு அடி எடுத்து வைக்க, கப்பலில் நின்ற, நாம் நடத்த வேண்டிய ஆள் பெருமூச்சு விட்டு யோசிக்கிற மாதிரி.

"இப்படி ஓடினா அவ போன் பண்றதுக்குள்ள கப்பல்ல இருந்தே இறங்க மாட்டான்" என்றார் ஸ்டோர்காரர்.

"செட்டிங்ஸுக்குள்ள போய்ப் படத்தோட தரத்தைக் குறைச்சுக்குங்க மாமா. எது வேண்டாமோ அதை மட்டும் குறைங்க. எது எவ்வளவு மெமரி எடுக்குதுன்னு பக்கத்துலயே காட்டும்." மைத்துனருக்குக் கடையில் ஆள் காத்திருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டே, "தகட்டை மூட வேண்டாம், ஃபேனை இந்தப் பக்கம் திருப்பி வச்சுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேஜை விசிறியை ஒரு முக்காலியின் மேல் வைத்துக் கணினியின் திறந்த வயிற்றுக்கு நேராகத் திருப்பினார்கள். ஸ்டோர்காரர் பட்டியலைப் படிக்க ஆரம்பித்தார். சுவர்களின் தரம், கடல், வானம், கூட்டம், தூரத்தில் தெரிவது, புல், நிழல். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு எண். நிழலுக்கு எதிரே இருந்த எண்ணைப் பார்த்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இந்தா, இதைப் பாரேன். எல்லாத்தையும் விட நிழலுக்குத்தான் அதிகம்."

"நிழலுக்கா?"

"ஆமா. பம்பு மேல சுத்தி வர்ற வைக்கோலுக்குத் தனியா ஒரு ரூம் குடுத்த மாதிரி இருக்கு. சரக்கா அது?"

அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. மகள் சின்ன வயதில் எந்தத் தாளைக் கொடுத்தாலும் வீடுதான் வரைவாள். கதவு, ஜன்னல், ஓடு, புகைபோக்கி. ஆகவே அவள் செய்தது வீடுகளாகத்தான் இருக்க வேண்டும். எந்தப் பகுதி அவளுடையது என்று அவர் கேட்டதில்லை. மனைவி கேட்டிருக்கிறாள். "உனக்குப் புரியாதும்மா, நேர்ல காட்டறேன்" என்று பதில் வந்திருக்கிறது. சுவர்களின் தரத்தை அவர் உச்சத்தில் வைத்தார். நிழலை முழுசாக அணைத்தார். அணைத்ததும் எண் சரசரவென்று கீழே இறங்கியது. வாரம் முழுக்கச் சில்லறை சில்லறையாகச் சேர்த்த இடத்தை அந்த ஒரு சொடுக்கு ஒரே மூச்சில் கொடுத்துவிட்டது.

விளையாட்டு ஓடியது. உண்மையிலேயே ஓடியது. அந்த ஆள் கப்பலிலிருந்து தாவி இறங்கி, கல் பாவிய தெருவில் ஓடினான். திருப்பினால் திரும்பினான். ஸ்டோர்காரர் நாற்காலியில் சாய்ந்து, காலையிலிருந்து முதல்முறையாக முழங்காலை நிறுத்தினார்.

மனைவி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "ஏங்க, ஆளுங்க கால் தரையில படாத மாதிரி இல்ல? மிதக்கற மாதிரி இருக்கு."

"ஓடுதா இல்லையா, அதைப் பாரு."

"ஓடுது. எல்லாம் வெளிறிப்போய் இருக்கு. நம்ம லேப்ல டியூப்லைட் போட்ட மாதிரி."

"பட்டணம்னா வெளிச்சமாத்தான் இருக்கும்."

அதன் பிறகு அவர் பட்டணத்துக்குள் நுழைந்து, சரக்கு வந்து இறங்கியதைச் சரி பார்ப்பதுபோல் வீடு வீடாகப் பார்த்தார். விளையாட்டில் ஏதோ ஒரு தூதனைத் தேடிப் போக வேண்டுமாம். தூதன் எக்கேடும் கெட்டுப் போகட்டும் என்று சுவர்களின் எதிரே நின்றார். காரை பெயர்ந்து செங்கல் தெரிந்தது. கதவுக் கீலில் துரு வழிந்த கறை இருந்தது. துருவை அவருக்குத் தெரியும், வாழ்நாளெல்லாம் அதோடுதான் சண்டை. இது நிஜத் துரு. மகளிடம் சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். 'சுவரு நல்லா வந்திருக்கு குட்டி.' இல்லை, 'வந்திருக்கு' என்றால் தானாக வந்த மாதிரி இருக்கிறது. 'நல்லா பண்ணிருக்க.' அதுதான் சரி. எழுந்து தண்ணீர் குடித்தார். உட்கார்ந்தார். போன் சார்ஜில் இருக்கிறதா என்று பார்த்தார். மறுபடி எழுந்தார்.

"கொஞ்சம் ஒரு இடத்துல உக்காருங்களேன். ஊசி போடறப்போ குழந்தைங்க கூட இவ்வளவு துள்ளாது" என்றாள் மனைவி.

சாயங்காலம் போன் வந்தது. மனைவி எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு மேஜையில் வைத்தாள்.

"அம்மா, பாத்தீங்களா?"

"பாத்தோம்டி. காலையில இருந்து அதே வேலைதான். இரு, அப்பா பேசறார்."

ஸ்டோர்காரர் போனைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"அப்பா."

"ம். ஓடுது குட்டி. நம்ம வீட்டுலயே ஓடுது."

"அந்தப் பழைய டப்பாலயா?"

"டப்பான்னு சொல்லாத. அதுக்குக் கோவம் வந்து நின்னுடும்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. "எல்லாம் பாத்தேன். வீடு ஒண்ணு ஒண்ணா பாத்தேன். காரை பெயர்ந்து உள்ள செங்கல் தெரியுது பாரு, அச்சு அசலா இருக்கு. கீல்ல துரு வழிஞ்சிருக்கு. நல்லா பண்ணிருக்க. ரொம்ப நல்லா பண்ணிருக்க."

"சுவரு நான் பண்ணலப்பா. அது வேற டீம்."

"ஓ. அப்ப கதவு."

"கதவும் அவங்கதான்."

ஸ்டோர்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் தோளைக் குலுக்கி, சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள்: கப்பல். அவர் மறுப்பாகத் தலையை ஆட்டிவிட்டார், இனிமேல் ஊகத்தில் இறங்க அவருக்குத் தைரியமில்லை.

"பின்ன நீ எதப் பண்ணின?"

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கேட்டுவிட்ட பிறகுதான் அது அவருக்கே உறைத்தது.

"நிழல்ப்பா" என்றாள் மகள். குரலில் ஒரு கூச்சம் இருந்தது, அதற்கு அடியில் கொஞ்சம் பெருமையும். "நானும் இன்னும் ரெண்டு பேரும். மரத்தடியில வெளிச்சம் புள்ளி புள்ளியா ஆடும்ல, அது. ஆளு நடக்கறப்போ அவன் கூடவே வர்றது. பொழுது சாயறப்போ நீள்றது. எல்லாம்."

மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்டோர்காரர் திரையைப் பார்த்தார். பட்டணத்து ஜனங்கள் தரையில் கால் படாமல், டியூப்லைட் வெளிச்சத்தில், அவர் எதிரே மிதந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

'அதுவும் பாத்தேன், நல்லா இருந்துது' என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது. அவள் நம்பியும் விடுவாள். ஆனால் கிடங்கில் எத்தனை அவசரமானாலும், லாரிக்காரன் எத்தனை ஹாரன் அடித்தாலும், கண்ணால் பார்க்காத சரக்குக்கு அவர் கையெழுத்துப் போட்டதில்லை. கை வராது.

"குட்டி, நான் அத அணைச்சுட்டேன்."

"எதப்பா?"

"நிழல. மெமரி பத்தல. பட்டியல்ல அதுதான் அதிகமா தின்னுது. அதனால அதத்தான் அணைச்சேன்."

அவள் மறுபடி சிரித்தாள். இது முன்னால் சிரித்த சிரிப்பில்லை.

"பரவாயில்லப்பா. எல்லாருமே முதல்ல அதத்தான் அணைப்பாங்க. பழைய மெஷின் வச்சிருக்கற எல்லாரும். எங்களுக்குத் தெரியும், ஆபீஸ்ல ஜோக்கே இருக்கு. மாமா கடைக்குப் போறப்போ ஒரு நாள் பாத்துக்குங்க. சரி, இங்க ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் வெளிய சாப்பிடக் கிளம்பறாங்க. வைக்கட்டுமா?"

அவள் வைத்துவிட்டால் அடுத்த வாரம் மறுபடி அம்மாவுக்குத்தான் போன் வரும். அப்புறம் பேசறேம்மா என்பாள்.

"வைக்காத" என்றார்.

"என்னப்பா?"

"வைக்காத. இரு. கிளம்பறவங்கள முன்னாடி போகச் சொல்லு."

அவர் மௌஸைப் பிடித்தார். அவசரத்தில் அம்பு பட்டியலைத் தாண்டித் தாண்டி ஓடியது. மனைவி நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து அவர் கையிலிருந்து மௌஸை வாங்கினாள். "நீங்க சொல்லுங்க, நான் பண்றேன்" என்றாள். குழந்தையின் மெல்லிய நரம்பைத் தேடிக் குத்துகிற கை அது. அசையாது.

"நிழல மேல ஏத்து. உச்சத்துக்கு."

"ஏத்தினா நின்னுடும்னு போட்டிருக்கே."

"மத்ததயெல்லாம் எடுத்துடு. சுவரக் கீழ இறக்கு. கடைசி வரைக்கும். கடல் வேண்டாம். வானம் வேண்டாம். கூட்டம் வேண்டாம், எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பு. தூரம்? தூரத்துல என்ன இருந்தா நமக்கென்ன, எடு."

"கீல்ல துரு போயிடும்" என்றாள் அவள்.

"போகட்டும்."

மாற்றியதெல்லாம் செல்லுபடியாக வேண்டுமானால் விளையாட்டை மூடித் திறக்க வேண்டும் என்றது கணினி. மூடினார்கள். உடனே திறக்கவில்லை. முனகியது. ஸ்டோர்காரர் எழுந்து விசிறியை இன்னும் ஒரு சாண் கிட்டே நகர்த்தினார்.

"அது என்னப்பா இரைச்சல்?" என்று கேட்டாள் மகள்.

"ஃபேன். கம்ப்யூட்டரோட வயித்தத் தொறந்து வச்சுக் காத்து விட்டுட்டு இருக்கோம்."

"அய்யோ அப்பா."

"உங்கம்மாதான் ஆபரேஷன் பண்றா. நான் வெளிய நிக்கற சொந்தக்காரன் மாதிரி நடந்துட்டு இருக்கேன்."

இந்தத் தடவை அவள் சிரித்தது, ஜிப்பை இழுத்து மூடிய அந்த நாளுக்கு முன்னால் சிரித்த சிரிப்பு. யாரோ அவளைக் கூப்பிடுவது கேட்டது. "நீங்க போங்க, நான் வர்றேன்" என்று அவள் வாயைத் திருப்பிச் சொன்னதும் கேட்டது. ஸ்டோர்காரர் உட்கார்ந்தார்.

சின்னம். கடல் சத்தம், ஆனால் கடல் இல்லை. பட்டணம் வந்தது. பட்டணம் என்றா சொல்வது? மாவு பிசைந்து வைத்த மாதிரி வழவழவென்று சில கட்டிகள். கதவு இருந்த இடத்தில் பழுப்பாய் ஒரு பூச்சு. வானம் ஒரே சாயத் துணி. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. நம்முடைய ஆள் மட்டும் நடுவில் நின்றான், முகமில்லாமல்.

அவன் காலடியில் இருந்து ஒரு நிழல் புறப்பட்டுத் தரையில் படுத்திருந்தது.

"கால் படுது" என்றாள் மனைவி, மெதுவாக.

"வந்துடுச்சா?" என்றாள் மகள். "மணிக்கூண்டுக்குப் பின்னால ஒரு மரம் இருக்கும், அங்க போங்க."

மனைவி அவனை நடத்தினாள். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் திரை நின்று நின்று வந்தது. மரம், பச்சை நிறத்தில் ஒரு பொட்டலம். ஓர் இலை தெரியவில்லை. ஆனால் தரையில் அத்தனை இலையும் இருந்தது. ஒவ்வொன்றும் தனித்தனியாக, இடையில் காசு காசாக வெளிச்சத்தோடு. அடுத்த காட்சி வருவதற்குள் அவை எல்லாம் கொஞ்சம் இடம் மாறியிருந்தன. காற்றடித்திருக்கிறது.

"என்னப்பா, சத்தத்தையே காணோம்?"

"பாத்துட்டு இருக்கேன்."

"அசையுதா?"

"அசையுது. எங்க கிளார்க் மாதிரி, யோசிச்சு யோசிச்சு அசையுது."

"அந்த மரத்தத் தாண்டினா படிக்கட்டு. சாயங்கால நேரம்தானே காட்டுது? படியில ஏறச் சொல்லுங்க. ஆனா மெமரி தாங்காதுப்பா, அங்கதான் ரொம்ப இழுக்கும்."

"தாங்கும் வரைக்கும் ஏறட்டும்."

அவன் ஏறினான். முதல் படி. இரண்டாவது. அடுத்த படியில் காலைத் தூக்கியவன் தூக்கியபடியே நின்றான். மனைவி மௌஸை அசைத்துப் பார்த்தாள். திரை உறைந்துவிட்டது. விசிறியின் காற்றில் கணினிக்குள்ளே எங்கோ ஒரு வயர் டக் டக்கென்று தட்டியது.

"நின்னுடுச்சு குட்டி."

"போச்சா. விடுங்கப்பா, இவ்வளவு தூரம் வந்ததே..."

"போகல. நின்னுடுச்சுன்னுதானே சொன்னேன். படம் அப்படியே இருக்கு. இரு, பாக்கறேன்."

அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு திரைக்குக் கிட்டே போனார். மூக்கு திரையில் படுகிற தூரம். சரக்கை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிற கண்ணால் பார்த்தார். அவன் நிழல் படிக்கட்டில் ஏறும்போது ஒவ்வொரு படியிலும் மடிந்து, நிமிர்ந்து, மறுபடி மடிந்து போயிருந்தது. பக்கத்துச் சுவரில் அவன் தலை தனியாக ஏறி நின்றது.

"படிக்குப் படி மடியுது."

"ஆமாப்பா."

"கை கீழ்ப் படியில விழுந்திருக்கு, தோள் மேல் படியில. சரியாத்தான் இருக்கு. ஆனா இங்க ஒரு தப்பு இருக்கே."

மனைவி அவர் கையைக் கிள்ளினாள். அவர் கவனிக்கவில்லை.

"என்ன தப்பு?" என்றாள் மகள்.

"கால்கிட்ட நிழலோட ஓரம் கத்தி மாதிரி இருக்கு. தலைகிட்ட போகப் போக ஓரம் மங்கிப் போயிருக்கு. ஒரே நிழல்ல ரெண்டு மாதிரி எப்படி? மெமரி பத்தாம இப்படி ஆச்சா, இல்ல நீங்க விட்டுட்டீங்களா?"

அந்தப் பக்கத்தில் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது.

"அப்பா, அது தப்பில்ல. அதுதான் வேலையே. அதத்தான்ப்பா இத்தன நாளா பண்ணினோம். நிழல் விழற இடம் பொருளுக்குப் பக்கத்துல இருந்தா ஓரம் கூர்மையா இருக்கும், தள்ளிப் போகப் போக மங்கும். இப்ப நீங்க ஒண்ணு பண்ணுங்க, லைட்டுக்கு முன்னால உங்க கையக் காட்டுங்க. இல்ல, லைட் வேண்டாம், ஜன்னல்கிட்ட போங்க. வெயில் இருக்கா?"

"இருக்கு, கொஞ்சம்."

"சுவத்துக்குப் பக்கத்துல கைய வச்சுப் பாருங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பின்னால எடுங்க."

ஸ்டோர்காரர் எழுந்து ஜன்னலோரம் போனார். சுவரில் கையை வைத்தார், பின்னால் எடுத்தார், மறுபடி கிட்டே கொண்டு போனார். மனைவி போனைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனாள்.

"மங்குதா?" என்று கேட்டது போன்.

"இரு, இரு, அவசரப்படாத" என்றார் அவர். விரல்களை விரித்தார், சேர்த்தார். "ஏன் அப்படி மங்குது? அதச் சொல்லு முதல்ல."

அவள் சொல்ல ஆரம்பித்தாள்.